திரும்பிப் பார்க்காமல் நீட்டிய கை

நோராம்மா, இன்று காலை பஸ்ஸில் உங்களை நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அக்கா, மலை ஏறுவதில் எனக்குத் தலை சுற்றுகிறது என்று நினைத்து ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்தார்.

அம்மாவைப் பார்த்துவிட்டு மலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறும்போதே பஸ்ஸில் நிற்க இடமில்லை. நடுவில் வெங்காய மூட்டை, பிளாஸ்டிக் குடம், யாரோ ஒருவருடைய கட்டில் சட்டம். கண்டக்டர் முன்பக்கத்திலேயே மாட்டிக்கொண்டார். டிக்கெட்டைக் கிழித்துப் பக்கத்து ஆளிடம் கொடுத்து, "பின்னாடி செவப்புத் துண்டுக்காரருக்குங்க" என்றார். அது கை மாறிக் கை மாறி என்னிடம் வந்தது. நான் வாங்கிப் பின்னால் நீட்டினேன். பின்னால் இருந்தவர் வாங்கவில்லை.

"வலது கையில குடுங்கம்மிணி. காலங்காத்தால பீச்சாங்கையில நீட்டறீங்க."

கையை மாற்றிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அப்போதுதான் சிரித்தேன். மலைப்பாதையில் இருபதாவது வளைவோ இருபத்தொன்றோ.

இதைப் படிக்கிற உங்களுக்கு நோராம்மா யார் என்று தெரியாது. சொல்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். கோர்வையாகச் சொல்ல வராது. முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

நோராம்மா கனடாக்காரர். எங்கள் மலையில் மூன்று வருஷம் பல் டாக்டராக இருந்தார். அதற்கு முன்னால் அவருடைய ஊரில் முப்பது வருஷம் பல் டாக்டர். அதற்கும் முன்னால் அவருடைய நாட்டுக்காக ஓடியவர். பதக்கமெல்லாம் வாங்கியவர். போன மாதம் இறந்துபோனார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் என் இடது கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்களுடையது மலையடிவாரத்து ஊர். கொஞ்சம் நிலம், கடலையும் மரவள்ளியும் போடுவோம். நான் பிறவியிலேயே இடது கைக்காரி. சாப்பிடும்போது அம்மா என் இடது கையை என் பாவாடை நாடாவோடு சேர்த்துக் கட்டிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையால் எழுதினால் அடி. வலது கையால் எழுதினால் எழுத்தெல்லாம் சரிந்து விழும், அதற்கும் அடி. எட்டாவது வரைக்கும் தாக்குப் பிடித்தேன். கடலைக்கொட்டை ஊன்றுகிற நாளில் எல்லாப் பிள்ளைகளும் ஏர் பின்னால் விதை போட்டுக்கொண்டு போவார்கள். என்னை மட்டும் வரப்பில் உட்கார வைத்துவிடுவார்கள். தண்ணீர்க் குடத்துக்குக் காவல். குடத்தை யார் தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள்?

பதினெட்டு வயதில் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். வலது கையால்தான் காபி கொடுத்தேன். எண்ணி எண்ணிக் கொடுத்தேன். மாப்பிள்ளையின் பெரியம்மாவுக்குக் கொடுக்கும்போது தட்டு சாய்ந்தது. டம்ளர் விழப் போனது. இடது கை தானாகப் போய்ப் பிடித்து அவரிடம் நீட்டிவிட்டது. நான் நீட்டவில்லை, கை நீட்டியது. அந்த அம்மா வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை. மற்றவர்களும் பாதியில் வைத்துவிட்டார்கள். அவர்கள் போன பிறகு அம்மா என்னை அடிக்கவில்லை. டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அழுதாள். அடித்திருக்கலாம்.

அடுத்த சம்பந்தம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று மலைமேல் தேவனூர் நாடு என்கிற ஊர்க்கூட்டத்தில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் பெருக்க அனுப்பினார்கள். இரண்டே அறை. பஸ் ஏற்றும்போது அம்மா சொன்னாள். "அங்க போயும் அந்தக் கைய நீட்டறேன்னு என் காதுல உழுந்துச்சு, அடுத்த பஸ்ஸுல வந்து இழுத்துக்கிட்டு வந்துருவேன் பாத்துக்க."

எனக்குத் திரும்பிப் போக வேண்டாம். அது ஒன்றுதான் அப்போது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் அந்தக் காபி டம்ளர்கள் வரிசையாக இருக்கும்.

ஆஸ்பத்திரிக்குள் போனால் கிராம்புத் தைல வாசம். கொல்லிமலையில் கிராம்பு புதிதில்லை, ஆனால் அந்த அறையின் வாசம் வேறு. கிராம்போடு டெட்டாலும் ஈர மரமும் கலந்தது. இப்போதும் பொங்கலில் கிராம்பு கடிபட்டால் எனக்கு நாக்கில் இனிப்பு தெரிவதில்லை, பல் பார்க்கிற அந்த நாற்காலிதான் தெரியும். அந்த நாற்காலிக்குப் பின்னால் ஒல்லியாக, பனைமரம் மாதிரி உயரமாக, வெள்ளை முடியைப் பையன் மாதிரி வெட்டிக்கொண்டு நோராம்மா நிற்பார். கொஞ்சம் தமிழ் பேசுவார். மிச்சத்தை ஸ்டெல்லா சிஸ்டர் பேசுவார். சிஸ்டர் தர்மபுரிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த நர்ஸ். மொழிபெயர்க்கும்போது சொந்தச் சரக்கையும் சேர்த்துவிடுவார்.

ஒரு நாள் நோராம்மாவுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற பெண் வரவில்லை. நோராம்மா என்னைக் கூப்பிட்டுக் கையைக் கழுவச் சொன்னார். உறை மாட்டிவிட்டார். நோயாளிக்கு அந்தப் பக்கம் முக்காலியில் உட்கார வைத்தார். தட்டில் இருக்கிற சாமானை அவர் கேட்கக் கேட்க நான் கொடுக்க வேண்டும். எச்சிலை உறிஞ்சுகிற குழாயையும் நான்தான் பிடிக்க வேண்டும்.

நான் வலது கையால் கொடுத்தேன். அம்மா மலையடிவாரத்தில் இருந்தாலும் கண் மேலேதானே இருக்கும். ஆனால் நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து வலது கையை நீட்டினால் அது நோயாளியின் முகத்துக்குக் குறுக்கே போகிறது. குழாய் ஒரு பக்கம் இழுக்கிறது. மூன்றாவது தடவை, வாய்க்குள் விடுகிற குட்டிக் கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது.

நோராம்மா திட்டவில்லை. கண்ணாடியை எடுத்து ஓரமாக வைத்தார். என்னைப் பார்த்து, "நீ பெருக்கறது எந்தக் கை?" என்றார்.

இவருமா பார்த்துவிட்டார் என்று இருந்தது.

"நான் பாத்தேன். அந்தக் கை வேணாம்," என்று என் வலது கையைத் தள்ளினார். இடது கையைத் தொட்டார். "இந்தக் கை குடு."

பதினெட்டு வருஷத்தில் அந்தக் கையை ஒருவர் கேட்டது அன்றுதான்.

உலகம் முழுக்க இந்த வேலையே அப்படித்தானாம். டாக்டர் வலது கைக்காரர் என்றால் சாமான் கொடுப்பவர் எதிர்ப்பக்கம் உட்கார்ந்து இடது கையால்தான் கொடுக்க வேண்டுமாம். சிஸ்டர் இதைச் சொன்னபோது என்னை ஏமாற்றுகிறார் என்றே நினைத்தேன். "நெசந்தான் கண்ணு. வலது கைக்காரப் புள்ளைங்க இதுக்குன்னு மாசக்கணக்குல பழகுவாங்களாம். உனக்கு உங்க அம்மா வயித்துலயே ட்ரெயினிங் ஆயிருச்சு."

மதியத்தில் நோயாளிகள் இல்லாதபோது நோராம்மா என்னைப் பழக்கினார். பழக்கியது அறைக்குள் இல்லை, வெளியே பலாமரத்தடியில். கையில் ஒரு டூத்பிரஷ். அவர் முன்னால் நடப்பார். நான் பின்னால் வர வேண்டும். பக்கத்தில் வந்ததும் "கை" என்று சொல்ல வேண்டும். அவர் திரும்பாமல் வலது கையைப் பின்னால் நீட்டுவார். என் இடது கையிலிருந்து அவருடைய வலது கைக்கு. அவர் பிடித்துவிட்டார் என்று என் விரலுக்குத் தெரிந்த பிறகுதான் நான் விட வேண்டும். முதலில் நடை, அப்புறம் வேக நடை. ஒரு வாரம் கழித்து ஓட்டம். அறுபதைத் தாண்டியவர் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, நான் டூத்பிரஷோடு துரத்த, பலாப்பழம் ஏற்ற வந்த லாரிக்காரர் சிஸ்டரிடம் கேட்டாராம்: "ஏனுங்க, டாக்டரம்மா பல்லு வெளக்க மாட்டேங்குறாங்களா?"

அப்படித்தான் ஓட்டக் கதை வெளியே வந்தது. அதுவரை எட்டு மாதம் எங்களுக்குத் தெரியாது. காற்றில் சீட்டு பறக்காமல் இருக்க மேசையில் வட்டமாக ஒரு கனத்த தகடு வைத்திருப்பார். அதுதான் பதக்கமாம். நான் அதைப் புளி போட்டு விளக்கியிருக்கிறேன்.

நாலு பேர் சேர்ந்து ஓடுகிற ரிலே ரேஸ். நோராம்மா இரண்டாவது ஆள். முதல் ஆள் வலது கையில் குச்சியைக் கொண்டுவருவார். இரண்டாவது ஆள் இடது கையில் வாங்குவார், கை மாற்றாமல் அதே இடது கையில் கொண்டுபோய் மூன்றாவது ஆளின் வலது கையில் கொடுப்பார். பத்து வருஷம் நோராம்மா நாட்டுக்காகக் கொடுத்ததெல்லாம் இடது கையால்தான். நான் முக்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை பேர் பார்க்க, கொடி பறக்க, இடது கையால் கொடுத்திருக்கிறார். வாங்கியவர் கீழே வைத்துவிட்டுப் போகவில்லை.

அந்த நாலு பேரும் இப்போது என்ன செய்கிறார்கள் என்று சிஸ்டர்தான் கேட்டார். எங்கள் பக்கம் ஓட்டத்தில் ஜெயித்தால் போலீஸில் சேர்வார்கள். அதற்கு மேல் எங்களுக்கு யோசனை போகாது. "எங்க ஊர்ல ஒருத்தன் மாவட்டத்துலயே ஃபர்ஸ்ட்டு. போலீஸ்ல சேந்தான். இப்ப ஓடறதில்ல, ஜீப்புலதான் போறான்," என்றார் சிஸ்டர்.

நோராம்மா விரலை மடக்கிச் சொன்னார். முதலில் ஓடியவர் நீதிபதி. துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் பாய்கிறவர், இப்போது ஒரு வழக்கில் இரண்டு பக்கமும் பேசி முடிக்கும்வரை அசைய மாட்டாராம். கடைசியாக ஓடியவர் ரொட்டிக் கடை வைத்திருக்கிறார், ஓடிய காலத்தில் தின்னக் கூடாது என்றதையெல்லாம் இப்போது அவரே சுட்டு விற்கிறாராம். மூன்றாவது ஆள் க்ளேர். அவர் விமானம் ஓட்டுகிறார். ஆள் ஏற்றுகிற விமானம் இல்லை. காடு தீப்பிடித்தால் ஏரியில் இறங்கி, நிற்காமலே தண்ணீரை மொண்டுகொண்டு மேலே போய்த் தீயில் கொட்டுகிற விமானம். நிற்காமலே எப்படி மொள்ளுவது என்று கேட்டேன். நான் குடத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். நோராம்மா மேசைமேல் உள்ளங்கையைக் குவித்து வேகமாக இழுத்துக் காட்டினார். அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. தண்ணீர்க் குடத்துக்குக் காவல் இருந்தவள் நான். எங்கேயோ ஒரு பொம்பளை ஏரியையே தூக்கிக்கொண்டு பறக்கிறார். ஓட்டம் முடிந்த பிறகும் ஒரு ஆளுக்குள் இவ்வளவு மிச்சம் இருக்குமா?

"நீங்க ஏன் பல்லுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன்.

அதற்கு நோராம்மா ஒரு போட்டியின் கதையைச் சொன்னார். அவர்களுடைய ஆகப் பெரிய போட்டியில், இறுதி ஓட்டம் வரை வந்துவிட்டார்கள். நோராம்மா ஓடி வருகிறார். கை என்கிறார். க்ளேர் கையை நீட்டுகிறார். குச்சி விழுந்துவிட்டது. படம் எடுத்ததில் பார்த்தால், ஒரு நொடி இரண்டு பேர் கையும் குச்சியில் இருக்கிறது, அடுத்த நொடி யார் கையும் இல்லை. யார் தப்பு என்று இருவரும் ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. "ஓட்டத்துல அப்படிக் குடுக்கறது எப்பவோ ஒரு தடவை. இங்க ஒரு நாளைக்கு நூறு தடவை. எனக்கு அது புடிக்கும்," என்றார். சிஸ்டர் அதை மொழிபெயர்க்கவில்லை. வேண்டியிருக்கவில்லை.

அவர் கை அந்தப் பழக்கத்தை மறக்கவே இல்லை. ஒரு தடவை பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டியிருந்த ஒருவரிடம் கண்டக்டர் "கை, கை" என்று அதட்ட, முன்னால் நின்ற நோராம்மா சட்டென்று கையைப் பின்னால் நீட்டிவிட்டார். அதே பஸ்ஸில்தான் டிக்கெட் கை மாறிப் போவதை முதல்முறை பார்த்தார். எட்டுப் பேர், ஒருவரையொருவர் தெரியாது, பஸ் வளைவில் சாய்கிறது, ஒரு துண்டுக் காகிதம் கடைசி சீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நோராம்மா வாயைத் திறந்தபடி பார்த்தார். "யாரும் கீழ போடல. ப்ராக்டிஸ் இல்ல," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

இரண்டாவது வருஷம் குண்டனி நாட்டிலிருந்து மிளகுக்காரர் ஒருவர் கடைவாய்ப் பல் வலியோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் வாயை மூடிக்கொண்டார்.

"ஏனுங்க சிஸ்டரு, இந்தப் புள்ள பீச்சாங்கையில எடுத்துக் குடுக்குதுங்க."

"புள்ள உங்களுக்கா குடுக்குதுங்க? டாக்டருக்குக் குடுக்குது. டாக்டரு வலது கையில வாங்கி உங்களுக்குப் பாக்கறாங்க. உங்களுக்கு வாரது வலது கைதானுங்களே."

அவர் யோசித்தார். "அதுஞ் சரிதானுங்க," என்று வாயைத் திறந்தார்.

அவர் நல்ல மனிதர். வினை அதில்தான் வந்தது. மிளகு விற்கக் கீழே சேந்தமங்கலம் போனவர், அங்கே கடையில் நின்றவள் என் அம்மா என்று பேச்சுவாக்கில் தெரிந்ததும் அவளிடம், "உங்க புள்ள பீச்சாங்கையா இருந்தாலும் டாக்டருக்கே கை குடுக்குதுங்க" என்று புகழ்ந்துவிட்டார். அம்மா காதில் முன்பாதி மட்டும்தான் விழுந்திருக்கிறது.

அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். சொன்னபடியே. வாசலில் நின்று, "துணிமணிய எடுத்துக்கிட்டுக் கெளம்பு" என்றாள். முந்தானையால் கன்னத்தை மூடியிருந்தாள். கோபத்தில் மூடியிருக்கிறாள் என்று நான் நினைத்தேன். நோராம்மாதான் எழுந்து வந்து முந்தானையை விலக்கினார். கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. பத்து நாளாக வலி. என்னிடம் சொன்னால் ஆஸ்பத்திரிக்கு வா என்பேன் என்று சொல்லவில்லை.

"மொதல்ல பல்லு. அப்புறம் சண்டை," என்றார் நோராம்மா.

அம்மா நாற்காலியில் சாய்ந்தாள். ஊசி போட்டு மரத்த பிறகு பல்லை எடுக்க வேண்டும். நான் முக்காலியில் உட்கார்ந்தேன். அம்மாவின் கண் என் கையிலேயே இருந்தது. தட்டில் குறடு இருக்கிறது. நோராம்மா பல்லைப் பார்த்தபடியே கையை நீட்டினார்.

இடது கையால் கொடுத்தால் வேலை போய்விடும், வீட்டுக்குப் போக வேண்டும். நான் வலது கையால் எடுத்தேன். அம்மா முகத்துக்குக் குறுக்கே நீட்டினேன். "கை" என்று சொல்லவும் வாய் வரவில்லை. குறடு நோராம்மாவின் உள்ளங்கையில் பட்டது. விரல்கள் மூடவில்லை. அவர் என்னைப் பார்க்கவும் இல்லை. கையை அப்படியே நீட்டி வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு வருஷம் மாதிரி இருந்தது.

அம்மா வாயில் பஞ்சோடு, "ம்ம். ம்ம்ம்" என்றாள். கோபமாகத்தான். கண்ணால் என் இடது கையைக் காட்டினாள்.

மாற்றினேன். "கை" என்றேன். விரல்கள் மூடின. பல் வந்துவிட்டது.

மறுநாள் வாய் திறக்க முடிந்ததும் அம்மா சொன்னாள். "பாவம் அந்தம்மா, பெரியவங்க, எவ்வளவு நேரம் கைய நீட்டிக்கிட்டே நிப்பாங்க? எந்தக் கையோ, குடுத்துத் தொலைடின்னு சொன்னேன்."

அன்று சாயங்காலப் பஸ்ஸுக்கு நான் அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். துணிமணி எடுக்கச் சொல்லவில்லை. அம்மா படியில் ஏறினாள். ஏறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், பைக்காகக் கையைப் பின்னால் நீட்டினாள். நான் இடது கையால் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். "நேரத்துக்குச் சாப்புடு சாமி" என்றாள். அவ்வளவுதான். பஸ் போன பிறகும் நான் அங்கேயே நின்றிருந்தேன்.

போன வருஷம் உடம்பு முடியாமல் நோராம்மா ஊருக்குத் திரும்பினார். வருவேன் என்று சொல்லவில்லை. பொய் சொல்ல வராது அவருக்கு.

போன மாதம் ஸ்டெல்லா சிஸ்டரின் போனில் ஒரு முகம் வந்தது. வெள்ளை முடி, கறுத்துக் காய்ந்த கன்னம். க்ளேர். ஏரியைத் தூக்கிக்கொண்டு பறப்பவர். அவரும் சாதாரணமாக மூக்கைச் சிந்தி அழுதார். கடைசி வாரம் அவர்தான் பக்கத்தில் இருந்தாராம். நோராம்மா படுக்கையிலிருந்து கையை நீட்டுவாராம், க்ளேர் பிடித்துக்கொள்வாராம். விழுந்த குச்சியைப் பற்றி அப்போதும் பேசவில்லையாம். நோராம்மா என்னைப் பற்றிப் பேசினாராம். மலையில் ஒரு பெண் இருக்கிறாள், ஒரு தடவைகூடக் கீழே போட்டதில்லை என்று.

முதல் நாள் கண்ணாடியைப் போட்டேனே என்றேன் சிஸ்டரிடம். "அது வலது கை. கணக்குல வராது," என்றார் சிஸ்டர். சொல்லிவிட்டு அவரும் திரும்பிக்கொண்டார்.

இப்போது மாதத்துக்கு இரண்டு நாள் ஒரு டாக்டர் கீழேயிருந்து வருகிறார். நல்லவர். வேகமாக வேலை செய்வார். தட்டிலிருந்து சாமானை அவரே எடுத்துக்கொள்வார். நான் குழாயைப் பிடிக்கிறேன். என் இடது கை மடியில் சும்மா கிடக்கிறது. மருந்து மாறிவிட்டதால் கிராம்பு வாசமும் போய்விட்டது. பலாமரத்தடியில் வண்டி நிறுத்துகிறார்கள். சில நேரம் அந்த அறையில் யாரும் இல்லாதபோது "கை" என்று சொல்லிப் பார்ப்பேன். யாரும் நீட்டுவதில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் மலை அரப்பளீசுவரரோ மாதாவோ, உங்களுக்கு எந்தச் சாமியோ, நோராம்மாவுக்காக ஒரு தடவை கும்பிடுங்கள். அவர் போன இடத்தில் யாராவது ஒருவர் பின்னால் ஓடி வந்து கொடுக்கட்டும், இந்தத் தடவை விழாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். எல்லோரும் கும்பிடுங்கள். கும்பிடும்போது மட்டும் யாரும் இடது கையை விட்டுவிட்டு வா என்று சொல்வதில்லை. இரண்டு கையும் சேர்ந்தால்தான் கும்பிடு.